மொட்டைமாடி ஏவியரி: புதிதாகப் பறவை வளர்ப்பவர்களுக்குச் சுத்தம், பராமரிப்பு வழிகாட்டி

கூண்டுக் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கை நம்புங்கள். ஒழுங்காகப் பராமரிக்கும் ஏவியரியில் (ஆள் உள்ளே போய் வரும் பெரிய பறவைக்கூண்டில்), தினை மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்த வாசனைதான் வர வேண்டும். காக்டெயில் (கொண்டை வைத்த சின்னக் கிளி வகை) இருந்தால் கூடவே லேசாகப் பவுடர் வாசனையும் வரும். மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடியோ, மழைக்காலத்து அலமாரியைத் திறந்த மாதிரி வீச்சமோ அடித்தால் எங்கேயோ ஈரம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைக்கு முதல் வேலை.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 10 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஏவியரி இருக்கிறது. உள்ளே போய் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம். 20க்கு மேல் பட்ஜிகள், 4 காக்டெயில்கள். (நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜியைத்தான். அது ஆஸ்திரேலியப் பறவை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு இனம்.)

புதிதாக வளர்ப்பவர்கள் எல்லாரும் எச்சத்தைப் பார்த்துத்தான் மலைத்துப்போகிறார்கள். ஒரு பட்ஜி நாளொன்றுக்கு 40 தடவையாவது எச்சமிடும் என்னும்போது மலைப்பு வரத்தான் செய்யும். ஆனால் பட்ஜியின் எச்சம் சிறியது, சீக்கிரம் காய்ந்து மிளகு போல உருண்டுவிடும். அள்ளிப் போடுவது சுலபம். அதே எச்சம் நனைந்தால்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. உமியும் எச்சமும் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் இரண்டே நாளில் பூஞ்சை கட்டும், ஈ மொய்க்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றே ஈரம். அதனால் தினமும் ஹோஸ் பிடித்துக் கூண்டைக் கழுவும் பழக்கத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், மூலைகள் மட்டும் காயவே காயாது. எச்சத்தைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள்.

தேவையான சாமான்கள்

நிறைய வேண்டாம். பெயின்டர்கள் சுவரில் பட்டி பூசும் தகடு ஒன்று. எச்சம் சுரண்ட இதைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை. குட்டையான ஒரு துடைப்பம், குப்பை முறம், தேங்காய் நார், ஒரு ஸ்பிரே பாட்டில், ஒரு பக்கெட். தானியம் புடைக்கத் தனியாக ஒரு முறம். கூண்டுக்குள் போக மட்டும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அப்புறம் என்-95 முகக்கவசம்.

முகக்கவசம் போடுவது வீண் பயம் இல்லை. காய்ந்த எச்சத்தூளில் கிளிக் காய்ச்சல் என்று சொல்லும் சிட்டகோசிஸ் நோய்க்கிருமி இருக்க வாய்ப்புண்டு. மூச்சு வழியாக மனிதருக்குப் பரவினால் காய்ச்சல், வறட்டு இருமல், நிமோனியா வரை போகும். இது தவிர, வருடக்கணக்கில் இறகுத்தூளைச் சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமையால் நுரையீரலே பாதிக்கப்படுவதும் உண்டு. காக்டெயில் உடம்பிலிருந்து வெள்ளைத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே பெருக்குவதற்கும் சுரண்டுவதற்கும் முன்னால் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். தூசி எழாத அளவுக்கு, வாசல் தெளிப்பதைவிடக் குறைவாக. வேலை முடிந்த அரைமணி நேரத்தில் அந்த ஈரம் காய்ந்துவிட வேண்டும்.

தினசரி வேலை

காலையில் செய்யுங்கள். வெயில் ஏறும்போது எல்லாம் காய்ந்துவிடும், பறவைகளும் சுறுசுறுப்பாக இருக்கும்.

முதல் இரண்டு நிமிடம் கதவைத் திறக்காமல் வெளியே நின்று பாருங்கள். எல்லாம் மேல் கம்பில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தால் சரி. ஏதாவது ஒன்று பந்து மாதிரி இறகை உப்பிக்கொண்டு தரையிலோ மூலையிலோ உட்கார்ந்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவைகள் நோயை மறைக்கும். நீங்கள் உள்ளே நுழைந்தவுடன் சிலிர்த்து எழுந்து ஒன்றுமே இல்லாதது போல நடந்துகொள்ளும். அதனால்தான் வெளியிலிருந்தே பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்தது தண்ணீர்க் கிண்ணம். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் போதாது. கிண்ணத்தின் உள்பக்கம் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அந்தப் படலத்தில்தான் கிருமிகள் குடியிருக்கின்றன. நாரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, சோப்பு வாடை போகும்வரை அலசி, அப்புறம் நிரப்புங்கள். நான் இரண்டு செட் எவர்சில்வர் கிண்ணம் வைத்திருக்கிறேன். ஒரு செட் கூண்டில் இருக்கும், மற்றொன்று வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். கிண்ணத்துக்கு நேர் மேலே உட்காரும் கம்பு இருக்கக் கூடாது. இந்த ஒன்றைச் சரிசெய்தாலே தண்ணீர் பாதி சுத்தமாகிவிடும். கோடையில் மதியமும் ஒருமுறை மாற்றுங்கள்.

தானியக் கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்ஜி தினையை விழுங்குவதில்லை. அலகில் உருட்டி, உமியை உரித்து, அரிசியை மட்டும் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் போடும். உரித்த உமி முழுத் தினை மாதிரியே மஞ்சளாகப் பளபளக்கும். நாங்கள் ஒருமுறை மூன்று நாள் ஊருக்குப் போனபோது உறவுக்காரப் பையன் ஒருவனிடம் கூண்டை ஒப்படைத்திருந்தோம். பாவம், அவன் தினமும் வந்து பார்த்திருக்கிறான். கிண்ணம் நிறைந்திருந்ததால் தானியம் போடவில்லை. நாங்கள் திரும்பி வந்து கிண்ணத்தில் ஊதினேன். அத்தனையும் உமி, பறந்துபோய் அடித்தகடு தெரிந்தது. இரண்டு பறவைகள் இறந்துவிட்டன. பட்ஜி சின்ன உடம்பு. ஒன்றிரண்டு நாள் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. அவனிடம் உமியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகாதது என் தப்பு. இன்றுவரை அது மனதை அறுக்கிறது.

ஆகவே தினமும் காலையில் கிண்ணத்தை வெளியே எடுத்து முறத்தில் கொட்டிப் புடையுங்கள். உமி போய்விடும், மிச்சத் தானியம் நிற்கும். எச்சம் விழுந்த தானியத்தை எடுத்துப் போடுங்கள். மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டாமல், கிண்ணத்தைத் துடைத்துவிட்டு இரண்டையும் கலந்து போடுங்கள். எவ்வளவு தின்கிறது என்பதும் இதில் கணக்குத் தெரிந்துவிடும். வழக்கமாகக் காலியாகும் கிண்ணம் ஒருநாள் பாதியிலேயே நின்றால் ஏதோ சரியில்லை.

முருங்கைக்கீரை, கொத்தமல்லி, வேகவைத்த சோளம் இப்படி ஈரமான தீனி எது வைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். மே மாதத்தில் அதற்கும் முன்பே. கீரையை கம்பியில் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் தரையில் விழுந்து அழுகாது.

கடைசியாக, கம்புகளுக்கு நேர் கீழே உள்ள தரை. எச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு அங்கேதான் குவியும். அங்கே மட்டும் பழைய செய்தித்தாளை விரித்துத் தினமும் மாற்றினால் மற்ற இடத்தை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். தாளைச் சுருட்டுவதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள். நல்ல எச்சம் கரும்பச்சையாகச் சுருண்டு, நடுவில் வெள்ளையாக, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீரோடு இருக்கும். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், செரிக்காத தானியம் முழுசாக வந்தாலும், நாள் முழுக்க வெறும் தண்ணீராகப் போனாலும் கவனிக்க வேண்டும். கீரை தின்ற அன்றைக்குக் கொஞ்சம் தண்ணீராகப் போவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் 20 நிமிட வேலைதான்.

வாரம் ஒருமுறை

தரை முழுவதையும் லேசாகத் தெளித்துச் சுரண்டிப் பெருக்குங்கள். சிமென்ட் தரை என்றால் ஒரு பக்கம் வாட்டம் வைத்துக் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைச்சாரல் நடுவில் குளமாக நிற்கும். ஆற்றுமணல் பரப்பியிருந்தால் ஜல்லடையால் சலித்துவிட்டு, அவ்வப்போது மேல்மணலை மாற்றுங்கள். மரத்தூள் மட்டும் வேண்டாம். ஈரம் உறிஞ்சி உள்ளுக்குள் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் வித்துகள் பறவையின் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் போய் ஒட்டிக்கொண்டால் குணப்படுத்துவது மிகக் கடினம்.

உட்காரும் கம்புகளைக் கழற்றிச் சுரண்டி, நாரால் தேய்த்து, வெயிலில் போடுங்கள். கழற்ற முடியாதபடி கம்புகளை ஆணி அடித்து வைக்காதீர்கள். கொக்கியில் மாட்டுகிற மாதிரி வைத்தால் வேலை சுலபம். கடையில் கிடைக்கும் வழவழப்பான உருண்டைக் கம்பைவிடக் கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ நல்லது. மெல்லியதும் தடித்ததுமாக இருப்பதால் பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. ஒரே தடிமனில், எச்சம் படிந்த கம்பிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்தால் பாதத்தில் புண் வரும். அரளிக் கிளையைத் தவறிக்கூட வைத்துவிடாதீர்கள், அது விஷம். கொய்யாக் கிளையை இரண்டு மூன்று மாதத்தில் பட்டை உரித்துத் தின்றுவிடும். அப்போது தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை மாட்ட வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறை: கிருமிநாசினி

இந்த வேலையின்போது பறவைகளைச் சின்னக் கூண்டுக்கு மாற்றி, வேறு இடத்தில் நிழலில் வையுங்கள். உள்ளே பறவை இருக்கும்போது மருந்து தெளிக்கவே கூடாது. நுரையீரலோடு உடம்பு முழுக்கக் காற்றுப்பைகளும் சேர்ந்து இயங்குவதால், நமக்கு லேசான நெடியாகத் தெரிவதும் பறவையைக் கொன்றுவிடும்.

வரிசை முக்கியம். முதலில் சுரண்டல், அடுத்து சோப்புத் தண்ணீரில் தேய்த்து அலசல், அதன் பிறகுதான் கிருமிநாசினி. எச்சத்தின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் அது எச்சத்தோடு போராடியே வலுவிழந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். கடையில் கிடைக்கும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் (பிளீச் என்று நான் சொல்வது இதைத்தான்) 30 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். அன்றன்றைக்குக் கலந்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். பூசி 10 நிமிடம் விட்டு, நன்றாக அலசி, வாடை முற்றிலும் போய்க் காய்ந்த பிறகே பறவைகளை உள்ளே விட வேண்டும். பிளீச்சிங் பவுடரை நான் பயன்படுத்துவதில்லை. டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் நாளுக்கு நாள் அதன் வீரியம் குறைந்துவிடும், எவ்வளவு போடுகிறோம் என்பது நமக்கே தெரியாது.

கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது ஆளுக்கே ஆபத்து. உப்புத்தண்ணீர்க் கறையைப் போக்க வினிகர் நல்லது, ஆனால் அதையும் பிளீச்சோடு கலக்கக் கூடாது. ஒன்றை முழுக்க அலசிய பிறகு மற்றதைப் பயன்படுத்துங்கள். ஃபினாயில், நாப்தலீன் உருண்டை, கொசுவர்த்தி, சாம்பிராணி எதுவும் ஏவியரிப் பக்கமே வர வேண்டாம். வேப்பிலைத் தண்ணீர் தெளித்தால் கிருமி போய்விடும் என்று பலர் சொல்வார்கள். வேப்பங்கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள், பறவைகள் கடித்து விளையாடும். ஆனால் சுரண்டித் தேய்க்கும் வேலைக்கு அது மாற்று இல்லை.

மண்பானையும் குஞ்சுகளும்

நம் ஊரில் பட்ஜிக்கு முட்டையிட மண்பானைதான் அதிகம் வைக்கிறோம். பட்ஜி முட்டை பொரிய 18 நாள் ஆகும். குஞ்சு வெளியே வர இன்னும் ஐந்து வாரம். முட்டை இருக்கும்போது பானையைத் தொட வேண்டாம். குஞ்சு பொரிந்து இரண்டு வாரம் ஆனதும் உள்ளே எச்சம் குவிந்து, குஞ்சின் காலில் கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தாய் வெளியே வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, குஞ்சுகளை மெத்தென்ற துணியில் வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் பானையைச் சுரண்டித் துடைத்துத் திரும்ப வையுங்கள். காலில் ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், நகமே கையோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை ஒரு நிமிடம் வைத்தால் தானே கரையும்.

குஞ்சுகள் எல்லாம் வெளியே வந்ததும் பானையை எடுத்துக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, நான்கைந்து நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மண்பானை பிளீச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் கொதிநீரும் வெயிலுமே போதும்.

பூச்சி, எறும்பு, எலி

செஞ்செள் என்று ஒன்று உண்டு, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் சிவப்பு உண்ணி. பகலில் கம்பின் பிளவிலும் பானை இடுக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து பறவையின் இரத்தத்தைக் குடிக்கும். தீனியே இல்லாமல் பல மாதம் உயிரோடு கிடக்கும். இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: இரவில் கம்பின் ஓரத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி வைத்துவிட்டு, விடிவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். குங்குமப் பொட்டு மாதிரி புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுங்கள், பழைய கம்புகளை எரித்துவிடுங்கள். பறவைக்கு மருந்து கொடுப்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பட்ஜியின் அலகைச் சுற்றித் தேன்கூடு போலச் சொரசொரப்பாகப் படர்ந்தால் அது வேறு வகைச் செள், அதற்கும் மருத்துவரின் மருந்துதான்.

எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போட வேண்டாம், அது பூச்சிமருந்து. கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், முன்பெல்லாம் பலகார அலமாரிக்குச் செய்வோமே, அதே மாதிரி. அந்தத் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு வளரும். கொசுக் கடியால் பறவைக்கு அம்மை பரவும்.

எலி வருவது சிந்திய தானியத்துக்காக. இரவில் தானியக் கிண்ணத்தை எடுத்துவிட்டாலே பாதி எலி குறையும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை)தான் போட வேண்டும். ஒரு அங்குலக் கண் இருந்தால் சின்ன எலி தாராளமாகப் புகுந்துவிடும்.

மெஷ், கதவு

புதுக் கால்வனைஸ்டு மெஷ்ஷைப் பார்த்தால் சில இடத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும், சொட்டு சொட்டாக உலோகம் திரண்டிருக்கும். அது துத்தநாகம். பட்ஜி கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பதால் வயிற்றுக்குள் போய் விஷமாகும். பறவையை விடும் முன் வினிகர் தொட்டுக் கம்பி பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து, அலசி, காயவிடுங்கள். மாதம் ஒருமுறை மெஷ்ஷின் இணைப்புகளை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். கடற்காற்றில் துரு முதலில் தரையை ஒட்டிய வரிசையில்தான் பிடிக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனை ஒன்று போதும், கண்ணைக் குத்த. கதவுக்கு முன்னால் இரண்டடி அகலத்தில் இன்னொரு சின்ன அறையும் கதவும் இருந்தால், சுத்தம் செய்ய உள்ளே நுழையும்போது பறவை தப்பிப் பறக்காது. கட்டும்போதே இதற்கு இடம் விடுங்கள்.

பருவம் பார்த்து

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். நான்கு பக்கமும் மூடினால் காற்றில்லாமல் உள்ளே புழுங்கும். தானியத்தை மூடி இறுக்கமான டப்பாவில், ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி வையுங்கள். கையில் அள்ளினால் கட்டி கட்டியாக வருகிற தினை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், குப்பைக்குத்தான். மே மாதத்தில் சணல் சாக்கை நனைத்து மேற்குப் பக்கம் தொங்கவிடுங்கள். சொட்டும் தண்ணீர் கூண்டுக்கு வெளியே விழுகிற மாதிரி. பறவை வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் வெப்பம் தாங்கவில்லை என்று அர்த்தம். போகியன்று விடியற்காலைப் புகை மொட்டைமாடியில்தான் வந்து தேங்கும். முந்தைய இரவே சின்னக் கூண்டில் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். ஆனால் சமையலறையில் வேண்டாம். நான்-ஸ்டிக் தவா அதிகமாகச் சூடேறினால் கிளம்பும் புகையில் பறவை சில நிமிடங்களில் இறந்துவிடும்.

புதுப் பறவை வரும்போது

எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் ஒரு புதுப் பறவையை நேராக உள்ளே விட்டால் எல்லாம் வீண். குறைந்தது 30 நாள் வேறு இடத்தில், வேறு கிண்ணங்களோடு வையுங்கள். முதலில் பழைய பறவைகளின் வேலையை முடித்துவிட்டு, கடைசியாகப் புதியதைப் பாருங்கள், கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். யாராவது பச்சைக்கிளியோ சில்லையோ (முனியா) கொடுத்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வளர்ப்பது குற்றம்.

உடம்பு சரியில்லாத பறவைக்கும் இதே தனிக்கூண்டுதான். பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்பதை இன்றைக்கே விசாரித்துத் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிளம்பும்போது ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் வெள்ளைத்தாள் விரித்துப் பறவையை வையுங்கள். வழியில் அது போடும் எச்சம் தாளிலேயே இருக்கட்டும், துடைத்துவிடாதீர்கள். மருத்துவர் பார்க்க அது வேண்டும்.